உப்பைப் பிடிக்கும் குளிசையும் உப்பை விடும் குளிசையும்: நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டிய முறை

என் தாயாருக்கு நீரிழிவு வந்து பதினோராவது ஆண்டில், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த இன்சுலினோடு புதிதாக ஒரு குளிசையும் சேர்க்கப்பட்டது. மூன்று வாரத்தில் சீனி அளவு நன்றாக இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதே மூன்று வாரத்தில் அவருடைய கால்கள் வீங்கின. நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால், நாள்தோறும் கோயில் வீதியில் நீண்ட நேரம் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்து, இரவில் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கச் சொன்னோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் எழுந்து உட்கார்ந்த இரவில்தான், மருந்தாளராக வேலை செய்துகொண்டிருந்த எனக்கே அந்தக் குளிசைப் பையை எடுத்துப் பெயரைப் பார்க்கத் தோன்றியது. அது பயோகிளிற்றசோன். சீனியைக் குறைக்கும் அந்த மருந்து சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கச் செய்யும் என்பதையும், இன்சுலினோடு சேரும்போது அந்தப் பிடி இறுகும் என்பதையும் நான் படித்திருந்தேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே அது நடந்தபோது அடையாளம் காணவில்லை.

அதன் பின்னர் எங்கள் வீட்டில் கடைப்பிடித்ததும், மருந்து வாங்க வந்தவர்களுக்கு நான் சொல்லிவந்ததுமான முறையை இங்கே எழுதுகிறேன். நீரிழிவுக்குத் தரப்படும் மருந்துகளில் பல, குருதியில் உள்ள சீனியை மட்டுமல்லாமல், சிறுநீரகத்தின் வழியே சோடியம் போய்வரும் பாதையையும் மாற்றுகின்றன. உங்கள் மருந்து எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால், கால் வீக்கம், தலைச்சுற்று, திடீரென்று கூடும் நிறை ஆகியவற்றை நாட்கணக்கில் முன்னதாகவே இனங்காணலாம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் வேலை. அவரிடம் சரியான நேரத்தில் சரியான செய்தியைக் கொண்டுபோவது உங்கள் வேலை.

முதலில் உப்புக் கணக்கு

நம் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் இருக்கும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் வரும். நாம் நாள் முழுவதும் உண்ணும் உப்போ சில கிராம்கள்தான். ஆகவே வடித்ததில் 99 வீதத்துக்கும் மேற்பட்டதைச் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொண்டு, உண்ட அளவுக்கு ஈடானதை மட்டும் சலத்தோடு வெளியே விடுகிறது.

ஆனையிறவு உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்வதைப் போல, சிறுநீரகத்தின் நுண்ணிய அலகாகிய சிறுநீரகத்தியிலும் வடிதிரவம் பகுதி பகுதியாக நகர்கிறது. குருதியை வடிக்கும் நுண்கலன் முடிச்சாகிய கலன்கோளத்துக்கு அடுத்துள்ள அண்மைக் குழாய் சோடியத்தில் ஏறத்தாழ 65 வீதத்தை மீட்கிறது. ஹென்லேயின் தடம் 25 வீதமளவில் எடுக்கிறது. சேய்மைக் குழாய் இன்னுமொரு சிறு பங்கை எடுக்கிறது. கடைசியாகச் சேர்க்கும் கான், அல்டொஸ்ரரோன் என்ற ஓமோனின் சொற்படி, இரண்டு மூன்று வீதத்தை எடுக்கவோ விடவோ செய்கிறது. இந்த இரண்டு வீதத்தை அற்பமென்று நினைக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோவில் இரண்டு வீதம் 30 கிராம் உப்பு. உடலில் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் தன்னோடு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வைத்தியசாலையில் ஏற்றும் சேலைனிலும் இதே விகிதம்தான். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறை. வீட்டில் இருக்கும் சாதாரண நிறை பார்க்கும் தராசு உப்பை அளக்கும் கருவியாவது இந்தக் கணக்கால்தான்.

இதில் சீனிக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். அண்மைக் குழாயின் தொடக்கத்தில் எஸ்.ஜி.எல்.ரி-2 என்ற புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோசை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சோடியத்தையும் கூடவே இழுக்கிறது. வடிக்கப்பட்ட குளுக்கோசில் 90 வீதமளவை மீட்பது இதுவே. எஞ்சியதைச் சற்றுத் தள்ளியிருக்கும் எஸ்.ஜி.எல்.ரி-1 மீட்கிறது. குருதியில் சீனி கூடியிருப்பவருக்கு வடிதிரவத்திலும் குளுக்கோசு கூடுகிறது. அதை மீட்க இந்தப் புரதங்கள் மேலும் மும்முரமாக வேலை செய்கின்றன. சீனியோடு உப்பும் கூடுதலாகத் திரும்பி வருகிறது. அதன் விளைவாக, குழாயின் பிற்பகுதியில் நின்று உப்பின் அளவைப் பார்க்கும் ஒரு கலக்கூட்டத்துக்கு வந்து சேரும் உப்புக் குறைகிறது. வடிப்பு போதவில்லை என்று அது தவறாக எடுத்துக்கொண்டு, கலன்கோளத்துக்குள் குருதி வரும் நாடியை விரியச் செய்கிறது. உள்ளே அமுக்கம் ஏறுகிறது, வடிப்பு அளவுக்கு மிஞ்சுகிறது, காலப்போக்கில் சலத்தில் புரதம் கசியத் தொடங்குகிறது. நீரிழிவு சிறுநீரகத்தைப் பழுதாக்கும் வழிகளில் இது முக்கியமான ஒன்று. உப்பின் பாதை அதில் நடுநாயகமாக இருக்கிறது.

மருந்தின் இயற்பெயரைக் கொப்பியில் எழுதுங்கள்

தனியார் மருந்துக் கடையில் வாங்கும் குளிசைக்குக் கம்பனிக்குக் கம்பனி வணிகப்பெயர் மாறும். கிளினிக்கில் தரும் பையில் சில வேளை பெயர் அழிந்துபோயிருக்கும். ஆகவே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மருந்தின் இயற்பெயரையும், அளவையும், தொடங்கிய திகதியையும் எழுதி வையுங்கள். பெயர் விளங்காவிட்டால் மருந்தாளரிடம் கேளுங்கள். சொல்லித் தருவது அவர் கடமை. தொடங்கிய திகதி ஏன் வேண்டும் என்பது கீழே விளங்கும். பெயர்களை எழுதிய பின்னர், ஒவ்வொன்றின் அருகிலும் "விடும்", "பிடிக்கும்", "பெரிய மாற்றமில்லை" என்று குறித்துக்கொள்ளலாம்.

உப்பை விடும் பக்கம்

டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின், கனாகிளிஃபுளோசின் என்று "கிளிஃபுளோசின்" என முடியும் குளிசைகள், மேலே சொன்ன எஸ்.ஜி.எல்.ரி-2 புரதத்தைத் தடுக்கின்றன. இவற்றின் முன்னோடி 1835இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட புளோரிசின் என்ற பொருள். அதைக் கொடுத்தால் சலத்தில் சீனி போகிறது என்று ஜேர்மனியரான வொன் மேரிங் 1886இல் காட்டினார். அது மருந்தாகப் பயன்படும் வடிவத்துக்கு வர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சென்றது.

இந்தக் குளிசையைத் தொடங்கியதும் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரையான குளுக்கோசு சலத்தில் போகிறது. அதனோடு சோடியமும் நீரும் போகின்றன. அதே அண்மைக் குழாயில் சோடியத்தை மீட்கும் இன்னொரு புரதமான என்.எச்.ஈ-3 என்பதும் இந்த மருந்தால் மந்தமாகிறது. ஆகவே சீனியோடு ஒட்டிவரும் சோடியத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே வெளியேறுகிறது. சலம் கூடுதலாகப் போவதும், குருதியமுக்கம் 3 முதல் 5 அலகு வரை இறங்குவதும், முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ நிறை குறைவதும் இதனால்தான். உப்பு இப்படி நாள்தோறும் முடிவில்லாமல் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பதில்லை. சில நாட்களில் உடல் குழாயின் பிற்பகுதியில் ஈடுசெய்து, முன்னதை விடச் சற்றுக் குறைந்த நீர்மட்டத்தில் ஒரு புதிய சமநிலைக்கு வந்துவிடுகிறது. "இந்தக் குளிசை உப்பை வெளியேற்றுகிறதே, கருவாட்டை இனிக் கூட்டிச் சாப்பிடலாம்" என்ற எண்ணம் அதனால்தான் பிழையானது.

பிற்பகுதியில் நிற்கும் அந்தக் கலக்கூட்டத்துக்கு இப்போது போதிய உப்பு வந்து சேர்கிறது. விரிந்திருந்த நாடி சுருங்குகிறது. கலன்கோளத்தின் அமுக்கம் இறங்குகிறது. இதில் நோயாளிகள் பயந்து மருந்தை விட்டுவிடும் ஒரு கட்டம் உண்டு. அமுக்கம் இறங்கியதும் வடிப்பு வீதமும் (சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிக்கும் மில்லிலீற்றர் அளவு, அறிக்கையில் eGFR) ஒரு படி இறங்குவதால், முதல் சில வாரங்களில் எடுக்கும் குருதிப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் சற்றுக் கூடியதாக வரும். 1.1 ஆக இருந்தது 1.2 ஆனதைப் பார்த்து, "சிறுநீரகம் பழுதாகிறது" என்று பக்கத்து வீட்டார் சொல்ல, குளிசையை நிறுத்தியவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தச் சிறு சரிவு மருந்து வேலை செய்வதன் அடையாளம். பின்னர் அது நிலைத்து நிற்கிறது, ஆண்டுகள் போகப் போக மருந்து எடுக்காதவரின் சிறுநீரகத்தை விட மெதுவாகவே தேய்கிறது. வடிப்பு வீதம் முன்பிருந்ததில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் சரிந்தால் மட்டும் வைத்தியர் வேறு காரணம் தேடுவார். தொடங்கிய திகதி கொப்பியில் இருந்தால், இது அந்த ஆரம்பச் சரிவா, வேறு பழுதா என்று அவர் ஒரு பார்வையில் முடிவெடுப்பார்.

இந்த மருந்துகளின் பெறுபேறுகள் சிறியவை அல்ல. 2015இல் வெளியான எம்பாகிளிஃபுளோசின் ஆய்வில், இதயநோயும் நீரிழிவும் உள்ளவர்களிடையே இதய, குருதிக்கலன் காரணங்களால் நேர்ந்த இறப்பு 38 வீதமும், இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்வது 35 வீதமும் குறைந்தன. 2019இல் கனாகிளிஃபுளோசினும் 2020இல் டபாகிளிஃபுளோசினும் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டின. பின்னதில் நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளரும் இருந்தனர். வடிப்பு வீதம் 45க்குக் கீழே போனவரிடம் சீனியைக் குறைக்கும் ஆற்றல் மங்கிவிடும்போதும், சிறுநீரகக் காப்புத் தொடர்கிறது. சீனி இறங்கவில்லையே, இந்தக் குளிசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இந்தக் குளிசை எடுப்பவரின் சலத்தில் எப்போதும் சீனி இருக்கும். பழைய வழக்கப்படி சலத்தைச் சோதித்துச் சீனி பார்ப்பவர்கள் அதைக் கைவிட்டு, குருதியில்தான் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பில் பங்கசுத் தொற்றும் வரலாம். சலம் போன பின்னர் கழுவித் துடைத்து உலர வைப்பது பெரும்பாலும் போதும், அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

லிராகுளூற்றைட், செமாகுளூற்றைட் போன்ற நீரிழிவு ஊசிகளும் இந்தப் பக்கத்தையே சேர்ந்தவை, ஆனால் மென்மையாக. அவை அண்மைக் குழாயின் என்.எச்.ஈ-3 புரதத்தை அடக்கி, சோடியத்தைச் சற்றுக் கூடுதலாகப் போகவிடுகின்றன. அவற்றில் கவனிக்க வேண்டியது உப்பை விட, ஆரம்ப வாரங்களில் வரும் குமட்டலும் சத்தியுமே. அவற்றால் உடல் நீர் வற்றினால் சிறுநீரகம் தாக்கப்படும்.

உப்பைப் பிடிக்கும் பக்கம்

பயோகிளிற்றசோன் 15, 30, 45 மில்லிகிராம் அளவுகளில் வரும் குளிசை. உடலின் கொழுப்புக் கலங்களில் உள்ள ஓர் ஏற்பியை (மருந்து போய் ஒட்டும் புரதத்தை) தூண்டி, இன்சுலினுக்கு உடல் நன்றாகப் பணியச் செய்வது அதன் வேலை. அதே ஏற்பி சிறுநீரகத்தின் சேர்க்கும் கானிலும் இருக்கிறது. 2005இல் எலிகளில் செய்த ஆய்வுகளில், சேர்க்கும் கானில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கியபோது, இவ்வகை மருந்தால் உடலில் நீர் சேர்வது பெரிதும் நின்றுபோனது. கானில் உள்ள சோடிய வாயில்கள் மருந்தால் அகலத் திறக்கின்றன என்று அப்போது விளக்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், அந்த வாயில்களை முடக்கிய எலிகளிலும் நீர் சேர்வதைக் கண்டன. அண்மைக் குழாயிலும் சோடிய மீட்பு கூடுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. எந்த இடத்துக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. உப்பும் நீரும் தங்குகின்றன என்பதில் விவாதம் இல்லை.

தனியாக எடுப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் கால் வீக்கம் வருகிறது. இன்சுலினோடு சேர்த்து எடுப்பவர்களில் அது பதினைந்தை எட்டலாம். காரணம், இன்சுலினும் உப்பைப் பிடிக்கும் ஓமோனே. சீனி மாறாமல் வைத்துக்கொண்டு மனிதருக்கு இன்சுலின் ஏற்றியபோது சலத்தில் சோடியம் குறைந்ததை 1975இல் டிஃபிரொன்சோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் காட்டினர். சிறுநீரகத்தியின் பல பகுதிகளில் அது சோடிய மீட்பைத் தூண்டுகிறது. நெடுங்காலம் சீனி கட்டுப்படாமல் இருந்து, இன்சுலின் தொடங்கி வேகமாகக் கட்டுப்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் முகமும் காலும் ஊதுவதை முற்காலத்திலேயே அவதானித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் தானாக வடியும். அதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

பயோகிளிற்றசோனின் கதை வேறு. இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு அது தங்கவைக்கும் நீர் நுரையீரல் வரை ஏறும். 2007இலிருந்து அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளில் இதயச் செயலிழப்புப் பற்றிய கடும் எச்சரிக்கை கட்டமிட்டு அச்சிடப்படுகிறது. இதய வருத்தம் உள்ளவர், முன்பு மாரடைப்பு வந்தவர், மாடிப்படி ஏறினால் இளைப்பவர் ஆகியோருக்கு இந்தக் குளிசை எழுதப்பட்டால், அந்த வரலாறு வைத்தியருக்குத் தெரியுமா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். கிளினிக்கில் கூட்டம் அதிகமான நாளில் அவர் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதிருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள். வீக்கத்துக்குச் சலம் போக்கும் குளிசையான பிரூசமைட் கொடுத்தும் வடியவில்லை என்றால் வியக்க வேண்டாம். அது ஹென்லேயின் தடத்தில் வேலை செய்வது, பயோகிளிற்றசோனோ அதற்கு வெளியே உள்ள இடங்களில் உப்பைப் பிடித்துவைக்கிறது. என் தாயாருக்கும் குளிசையை நிறுத்திய பின்னர்தான் நீர் வடிந்தது. இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ இறங்கினார். அவ்வளவும் உப்பும் தண்ணீரும்.

குருதிப் பரிசோதனையில் இன்னொரு சுட்டுக்குறியும் உண்டு. பயோகிளிற்றசோன் எடுப்பவருக்குக் குருதி நீர்த்துப்போவதால் ஹீமோகுளோபின் சற்று இறங்கியதாகக் காட்டும். கிளிஃபுளோசின் எடுப்பவருக்கு அது சற்று ஏறும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேடிப் போகுமுன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்.

மற்றவை

மெற்போமின் சோடியத்தின் பாதையில் நடைமுறையில் பொருட்படுத்தும் மாற்றம் எதையும் செய்வதில்லை; ஆனால் சிறுநீரகம் பழுதானால் அது உடலில் தேங்கும் என்பதால், வடிப்பு வீதம் 45க்குக் கீழே அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்துவார்கள். கிளிக்கிளசைட் பற்றி உப்பு விடயத்தில் கவலை இல்லை. சிற்றாகிளிப்ரின், லினாகிளிப்ரின் ஆகியவை சோடியத்தை மிகச் சிறிதளவு போகவிடுகின்றன; அதே குடும்பத்தின் சக்சாகிளிப்ரின் எடுத்தவர்களில் இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்ந்தோர் தொகை கூடியதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியதால், இதயம் தளர்ந்தவருக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

காலை நிறை

காலையில் எழுந்து, சலம் கழித்து, தேநீர் குடிக்குமுன், ஒரே மாதிரியான மெல்லிய உடுப்போடு, ஒரே தராசில் ஏறுங்கள். தராசைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். பாயிலோ விரிப்பிலோ வைத்தால் அளவு பிழைக்கும். நிறையைத் திகதியோடு எழுதுங்கள். புதிய மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதம் இதை நாள்தோறும் செய்யுங்கள்; நிலை சீரான பின்னர் வாரத்தில் இரண்டு நாள் போதும், இதய வருத்தம் உள்ளவர்கள் மட்டும் நாள்தோறும் தொடர வேண்டும்.

மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சோறும் புட்டும் ஏற்றிய கொழுப்பாக இருக்க முடியாது, அது நீர். அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது பெருவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, இரவில் இரண்டு தலையணை தேவைப்படுவது, கொஞ்சத் தூரம் நடந்தாலே இளைப்பது ஆகியவை வந்தால் விடியும் வரை காத்திராமல், இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். மாறாக, நிறை வேகமாக இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, நாக்கு வறண்டு, சலம் குறைந்து கடும் நிறமாகப் போனால், உப்பும் நீரும் அளவுக்கு மேல் போய்விட்டன. கிளிஃபுளோசினோடு பிரூசமைட்டோ வேறு சலம் போக்கும் குளிசையோ எடுப்பவருக்கு இது விரைவில் வரும். இரண்டாவது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கிளிஃபுளோசின் தொடங்கும் நாளிலேயே கேட்டு விடுங்கள். படுத்தும் நின்றும் இரு தடவை குருதியமுக்கம் பார்த்து எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு மிகவும் உதவும்.

வருத்தம் வந்த நாளும் விரத நாளும்

சத்தி, வயிற்றோட்டம், சாப்பிடவிடாத காய்ச்சல் ஆகியவை வந்த நாளில், உப்பை விடும் குளிசை நண்பனாக இருப்பதில்லை. உடல் ஏற்கெனவே நீரை இழந்துகொண்டிருக்க, குளிசையும் இழக்கச் செய்யும். கிளிஃபுளோசினையும் மெற்போமினையும், குருதியமுக்கத்துக்கு எடுக்கும் லொசாட்டன், எனலாபிரில் போன்றவற்றையும், சலம் போக்கும் குளிசையையும் அந்நாட்களில் நிறுத்திவைத்து, வழமைபோல் சாப்பிட்டுக் குடித்து ஓரிரு நாள் ஆன பின்னர் மீண்டும் தொடங்குவதே பொதுவான வழக்கம். உங்களுக்கு எவை எவை என்பதை, நலமாக இருக்கும்போதே வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். இன்சுலினை மட்டும் முற்றாக நிறுத்தக் கூடாது. அளவைக் கேட்டு மாற்றலாம்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி விரதம். கந்தசஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்களும், தண்ணீர்கூட அருந்தாமல் உபவாசம் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. கிளிஃபுளோசின் எடுப்பவர் அப்படி இருந்தால், சலத்தில் சீனி போய்க்கொண்டே இருக்க, உணவும் வராத நிலையில், உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன் என்ற அமிலங்களைக் குருதியில் நிரப்பும். வழக்கமாக இந்த நிலையில் சீனி 300, 400 என்று ஏறி எச்சரிக்கும். இந்த மருந்தில் அது 200க்குக் கீழேகூட நிற்கும். மானியில் 170 என்று பார்த்து, "சீனி நல்லாய்த்தானே இருக்கிறது, பித்தச் சத்தியாக்கும்" என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்த குடும்பமொன்றை எனக்குத் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து மீண்டார். குமட்டல், சத்தி, வயிற்றுக்குத்து, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, அளவற்ற சோர்வு ஆகியவை வந்தால், சீனி எவ்வளவாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போய், "நான் இந்தக் குளிசை எடுக்கிறேன், கீற்றோன் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

விரதத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. விரதத்துக்கு இரண்டு கிழமை முன்னரே வைத்தியரிடம் போய், எத்தனை நாள், என்ன சாப்பிடுவேன், தண்ணீர் குடிப்பேனா என்று மூன்றையும் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் முன்னதாக இந்தக் குளிசையை நிறுத்துவது வழக்கம். நீண்ட உபவாசத்துக்கும் அவர் அதை ஒத்த ஓர் ஏற்பாட்டைச் சொல்வார். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் உறவுகளுக்கும் இது பொருந்தும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் சோளகம் வீசும் வெயிற்காலத்தில் வருவதால், பிரதட்டை செய்பவர்களும் காவடி எடுப்பவர்களும் வியர்வையில் இழக்கும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டியில் போடும் உப்பு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அது ஒரு தேக்கரண்டி. நம் சமையலில் ஒளிந்திருக்கும் உப்பு கறிச்சட்டியில் மட்டும் இல்லை. கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய், அப்பளம், கடைப் பாண், பைக்கற் நூடில்ஸ் ஆகியவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. ஒடியல் கூழில் நெத்தலிக் கருவாடும் நண்டும் இறாலும் சேர்ந்த பின்னர் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. புளியைச் சற்றுக் கூட்டினால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. கருவாட்டை ஊறவைத்து நீரை ஊற்றினால் உப்புக் குறையுமே தவிர நீங்காது. தீவகத்திலும் கரையோரங்களிலும் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில், குடிக்கவும் சோறு வடிக்கவும் நன்னீர் எடுங்கள். வாயில் கரிக்கும் தண்ணீர் உப்பைத் தருகிறது. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும். லொசாட்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலக்ரோன் எடுப்பவரும் சிறுநீரகம் தளர்ந்தவரும் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது, பொற்றாசியம் ஏறினால் இதயம் நிற்கும்.

கடைசியாக, முழங்கால் நோவுக்கு மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் டைக்குளோபெனக், ஐபுபுறொபென் போன்றவை. இவை நீரிழிவு மருந்துகள் அல்ல என்பதால் ஒருவரும் பட்டியலில் எழுதுவதில்லை. ஆனால் அவை உப்பைப் பிடித்து வைக்கும்; பயோகிளிற்றசோனோ இன்சுலினோ எடுப்பவருக்கு வீக்கத்தைக் கூட்டும்; கிளிஃபுளோசின், குருதியமுக்கக் குளிசை, சலம் போக்கும் குளிசை மூன்றும் எடுப்பவருக்கு, நீர் வற்றிய ஒரு நாளில், சிறுநீரகத்தை ஓரிரவில் முடக்கவும் செய்யும். நோவுக்குப் பரசிற்றமோல் எடுங்கள். அது போதவில்லை என்றால் வைத்தியரிடம் வேறு கேளுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், மற்ற மருந்துகளுக்குக் கீழே, சிவப்பு மையால் இவற்றின் பெயரையும் எழுதி, எதிரே "எடுக்கக் கூடாது" என்று குறித்து வையுங்கள்.